நம்ம ஆளுதான், விடுங்க!

1

டெலிபோன் அலறியது!

அமைச்சர் பங்களாவின் வாசல் ஓரத்துக் காவல் அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கால் ஆடும் ஒரு பெஞ்ச். சுவரில் கேமராத் திரை. அதில் பாதிக் கட்டங்கள் கறுப்பாக இருந்தன. ரிப்பேர் செய்யச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய்விட்டது.

ரிசீவரை எடுத்தாள் அவள்.

அவள்... அமைச்சரின் பாதுகாப்பு அதிகாரி. இடுப்பில் பிஸ்டல், காதில் வயர், நெற்றியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட ஒரு சுருக்கம். இந்த வேலைக்கு வந்த பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"ஹலோ... காவல் அறை."

மறுமுனையில் மூச்சு மட்டும். அப்புறம், வாயில் துணியை வைத்து அடக்கிய மாதிரி ஒரு குரல்.

"உங்க அமைச்சர் இன்னிக்குப் புதுப் பாலம் திறக்கப் போறாங்க இல்ல?"

"யார் பேசறது?"

"கார்ல போக மாட்டாங்க. பாலத்துல நடந்து போவாங்க. நடுவுல நின்னு, ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை எடுப்பாங்க..." குரல் ஒரு விநாடி நின்றது. "எடுப்பாங்க. ஆனா திருப்பி வைக்க மாட்டாங்க!"

க்ளிக்!

"ஹலோ... ஹலோ!"

லைன் செத்துப் போயிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அமைச்சருக்கு முன்னால் எப்போதும் நிற்கும் மெய்க்காவலன். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். பங்களாவில் அவனுக்கு 'தூண்' என்று பெயர்.

"என்ன மேடம்?"

"கொலை மிரட்டல்."

"வழக்கமா வர்றதுதானே?"

"இல்ல. வழக்கமா கூப்பிடறவன் கெட்ட வார்த்தையில திட்டிட்டு வச்சிடுவான். இவன் திட்டல. அமைச்சர் நடந்து போகப் போறாங்கன்னு சொல்றான். அழைப்பிதழ்ல கூட கார்ல வர்றதாத்தான் போட்டிருக்கு. நடக்கலாம்னு முடிவானது நேத்து சாயங்காலம். டைனிங் டேபிள்ல."

"டேபிள்ல யாரெல்லாம் இருந்தாங்க?"

"அமைச்சர், அவங்க புருஷன், பி.ஏ. கதவு ஓரமா நான்."

தூண் யோசித்தான். "உங்களை விட்டுட்டா..."

"விட்டுடு!"

"இல்ல மேடம், ஒரு கணக்குக்குச் சொன்னேன்."

அவள் அவனை முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே கரைந்தது.

"உன் வீட்டுல பிரசவம் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கே. லீவு எடுன்னு சொன்னேனே, ஏன் வந்தே?"

"கேட்டேன் மேடம். பாலம் திறப்பு முடியட்டும்னு மாமா சொல்லிட்டார்."

மாமா என்றால் அமைச்சரின் கணவர். அமைச்சர் ஊருக்கே அக்கா. அதனால் அவர் ஊருக்கே மாமா.

"உனக்கு மேலதிகாரி நானா, மாமாவா?"

தூண் ஷூவைப் பார்த்தான்.

அவளுக்கு எரிந்தது. குண்டு வந்தால் அதை முதலில் வாங்க வேண்டியது அமைச்சரின் நெஞ்சு இல்லை. குறுக்கே பாயும் இவனுடைய நெஞ்சு. அமைச்சர் பிடிக்கும் ஒவ்வொரு பிடிவாதமும், பிறக்கப் போகும் ஒரு குழந்தையின் தலையில் விடிகிறது. அது அந்த மாடி அறையில் இருக்கும் யாருக்கும் உறைப்பதில்லை.

அவள் படியேறினாள்.

2

அமைச்சர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். மாமா சோபாவில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார்.

"மேடம், கொலை மிரட்டல் வந்திருக்கு. நிகழ்ச்சியை ரத்து பண்ணணும்."

"முடியாது."

"தள்ளியாவது வைக்கணும்."

"அதுவும் முடியாது. தேர்தல் வருதும்மா. ஜனங்க முன்னாடி நான் பயந்து ஒளிஞ்சா ஓட்டு யார் போடுவா?"

"சரி, நடக்காதீங்க. குண்டு துளைக்காத கார்ல போங்க."

அமைச்சர் கண்ணாடி வழியாகவே மாமாவைப் பார்த்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அந்தக் கார் இல்லையேம்மா. எங்க அண்ணன் பொண்ணு ஏர்போர்ட் போகணும்னா. நான்தான் அனுப்பி வச்சேன்."

"சார்! அது குண்டு துளைக்காத கார்!"

"அதான் அனுப்பினேன். வெளிச் சத்தமே உள்ளே வராது. பொண்ணு நிம்மதியாத் தூங்கிட்டே போகும்."

அவள் பல்லைக் கடித்தாள். கடித்த சத்தம் காது வயரில் தூணுக்கே கேட்டிருக்கும்.

"அப்போ குண்டு துளைக்காத வெஸ்ட்டாவது..."

"வேண்டவே வேண்டாம்!" அமைச்சர் சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினார். "அதைப் போட்டா ரெண்டு சுத்து பெருத்துத் தெரியறேன். போன தடவை டி.வி.யில பார்த்துட்டு என் தங்கச்சியே ஃபோன் பண்ணினா. என்னக்கா, தைராய்டான்னு கேட்கறா!"

கதவு திறந்தது. பி.ஏ. வந்தான். எலும்பும் தோலுமாக ஒரு உடம்பு. இரண்டு கையிலும் இரண்டு செல்ஃபோன். அவளைப் பார்த்ததும் அவன் பார்வை சட்டென்று தரைக்குப் போனது. அவள் அதைக் கவனித்தாள்.

அவன் வெளியே போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"மேடம், நடந்து போற விஷயம் டேபிள்ல இருந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும். மிரட்டினவனுக்கும் தெரிஞ்சிருக்கு. பி.ஏ.யை இன்னிக்கு இங்கேயே விட்டுட்டுப் போகலாம்."

"அவன் இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடாது. உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்!"

"சந்தேகப்படறதுதான் மேடம் என் உத்தியோகம்."

"அப்போ என்னையும் சந்தேகப்படு!"

மாமா பேப்பருக்குள் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். உங்க கூட வர்ற அத்தனை பேரையும் போர்ட்டிகோவுல நிறுத்தி வைக்கணும். இவர் என் ஆளுன்னு யாராவது வாயால சொல்லணும். சொல்ல ஆள் இல்லாதவங்க வரக் கூடாது."

அமைச்சர் கொஞ்சம் யோசித்தார். "சரி. அதை மட்டும் பண்ணிக்கோ. சீக்கிரம்."

அவள் இதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

பங்களா வாசலில் ஒரு மெட்டல் டிடெக்டர் வளைவு உண்டு. யார் நுழைந்தாலும் அது கத்தும். சாவி இருந்தாலும் கத்தும், பெல்ட் இருந்தாலும் கத்தும். கத்தியதும் காவலர் கையை நீட்டுவார். உடனே உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்... "நம்ம ஆளுதான், விடுங்க!" அவ்வளவுதான். கை மடங்கிவிடும். ஒரு வருஷமாக அந்த மெஷின் கத்திக்கொண்டிருக்கிறது, அவளும் கத்திக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் யாரும் சட்டை செய்யவில்லை.

3

போர்ட்டிகோவில் வரிசை நின்றது. முணுமுணுப்பு தாங்கவில்லை.

"இவர்?"

"என் டிரைவர்," என்றார் அமைச்சர்.

"இவர்?"

"ஃபோட்டோகிராபர். நான் கூட்டிட்டு வந்தேன்," என்றான் பி.ஏ.

"இந்த மூணு பேரும்?"

"கட்சிக்காரங்கம்மா. என் ஆளுங்க," என்றார் மாமா.

வரிசையின் கடைசியில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நின்றார். தேய்ந்த செருப்பு. மடிப்புக் கலையாத சட்டை. கையில் பெரிய கறுப்புக் குடை. அமைச்சர் காரை விட்டு இறங்கினால் தலைக்கு மேல் அந்தக் குடை விரியும். பேப்பரில் வந்த படங்களில் கூட இவர் முகம் உண்டு.

"இவர்?"

யாரும் பேசவில்லை.

"கேட்கறேன்ல? குடைக்காரர் யாரோட ஆளு?"

அமைச்சர் மாமாவைப் பார்த்தார். "என்னங்க, உங்க ஆளுதானே?"

"என் ஆளா? உன் ஆளுன்னுல்ல நான் நெனச்சேன்!"

"நான் கட்சி ஆபீஸ் அனுப்பின ஆளுன்னு நெனச்சேன்," என்றான் பி.ஏ.

"நாங்க பி.ஏ.வோட சித்தப்பான்னு நெனச்சோம்!" என்றார்கள் கட்சிக்காரர்கள்.

தூணின் முகம் வெளிறியது. "மேடம்... நான் தினமும் இவருக்கு சல்யூட் அடிக்கறேன்!"

அடுத்த நொடி குடைக்காரர் தரையில் கிடந்தார். அவர் மேல் தூண் கிடந்தான்!

"ஐயோ... மூச்சு... மூச்சு முட்டுதுப்பா!"

அவள் அவருடைய சட்டை, பை, இடுப்பு எல்லாம் தடவினாள். ஒரு மூக்குக் கண்ணாடி. ஒரு பஸ் டிக்கெட். வேறொன்றும் இல்லை.

"யார் அனுப்பினா உங்களை?"

"யாரும் அனுப்பலம்மா! எங்க தெருவுல குழாய் உடைஞ்சு கிடக்கு. அக்காகிட்ட சொல்லலாம்னு போன வாரம் வந்தேன். வாசல்ல நிக்கும்போது அக்கா கார்ல வந்து இறங்கினாங்க. நல்ல வெயில். யாரோ இந்தக் குடையை என் கையில திணிச்சு, பிடிங்க பிடிங்கன்னாங்க. பிடிச்சேன்."

"அப்புறம்?"

"மறுநாள் வந்தேன். நேத்து குடை பிடிச்ச ஆளுன்னு உள்ளே விட்டுட்டாங்க. அதுக்கு மறுநாளும் அதே கதைதான்."

"குழாய் விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதானே?"

"வாயைத் திறந்தாலே, குடையை நேராப் பிடிங்கன்னு அதட்டறாங்கம்மா!"

ஒரு வாரம்! அமைச்சரின் பிடரிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பேர் தெரியாத ஒரு மனிதர். குடைக்குப் பதில் கத்தி இருந்திருந்தால்? அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று கூடத் தெரியவில்லை.

மாமாவுக்கு ஒரே குஷி. "பிடிச்சாச்சு! இவன்தான் கொலைகாரன். பிரஸ்ஸைக் கூப்பிடுங்க!"

"சார், இவர் போர்ட்டிகோவைத் தாண்டி உள்ளே வந்ததே இல்ல. டைனிங் டேபிள்ல பேசினது இவருக்கு எப்படித் தெரியும்?"

"ஒட்டுக் கேட்டிருப்பான்."

"மூடின கண்ணாடி ஜன்னலுக்கு வெளியில இருந்தா?"

"ஆளைப் பிடிச்சுக் கொடுத்தா வாங்கிக்கணும்மா. குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது!"

அவள் குடைக்காரரைக் காவல் அறையில் உட்கார வைத்து, டீ கொடுக்கச் சொன்னாள். திரும்பி வந்தால் அமைச்சரின் முகத்தில் புதுக் கவலை.

"அப்போ எனக்கு யார் குடை பிடிப்பா?"

மாமா குடையை எடுத்துத் தூணின் கையில் கொடுத்தார். "இவன் பிடிப்பான். உயரமும் சரியா இருக்கு."

"சார், காவலுக்கு நிக்கறவன் கை காலியா இருக்கணும். துப்பாக்கியை எடுக்கற கையில குடை இருந்தா அவன் என்ன செய்வான்?"

"இவ்வளவு பெரிய கை. குடை பிடிச்சா தேஞ்சா போயிடும்?"

அமைச்சர் காரில் ஏறிவிட்டார். குண்டு துளைக்கும் கார்!

4

ஆற்றின் மேல் புதுப் பாலம். சிமெண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நடுவில் சிவப்பு ரிப்பன். கைப்பிடிச் சுவர் நெடுகக் கூட்டம். பாலத்தின் நுழைவாயிலில் இன்னொரு மெட்டல் டிடெக்டர் வளைவு. இதுவும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

"நம்ம ஆளுதான், விடுங்க!"

"இவரும் நம்ம ஆளுதான்!"

மாமா வாசலிலேயே நின்று ஆள் ஆளாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அவர்களைத் திருப்பி வெளியே தள்ளுவதற்குள் அவளுக்குத் தோள் கழன்றது.

அப்போது பி.ஏ. வந்தான்.

இரண்டு கைகளாலும் ஒரு தட்டைப் பிடித்திருந்தான். தட்டில் மடித்துப் போட்ட வெல்வெட் துணி. துணியின் மேல் பளபளவென்று கத்தரிக்கோல்.

வளைவு அலறியது!

காவலர் கையை நீட்டினார். பி.ஏ. எரிந்து விழுந்தான்.

"கத்தரிக்கோல் இருக்கு. இரும்பு! மெஷின் கத்தாம என்ன செய்யும்?"

பத்தடி முன்னால் நின்ற அவள் திரும்பினாள். "துணியை எடுத்துப் பாருங்க! துணிக்கு அடியில பாருங்க!"

பேண்ட் வாத்தியம் முழங்கியது. அவள் குரல் அவள் காதுக்கே எட்டவில்லை. மாமாவின் குரல் மட்டும் காவலருக்குத் தெளிவாக எட்டியது.

"நம்ம ஆளுதான், விடுங்க!"

கை மடங்கியது. தட்டு உள்ளே வந்தது.

அவள் பி.ஏ.வை நோக்கி ஒரு அடி வைத்தாள். அதற்குள் அமைச்சர் அவள் வலது கையைப் பிடித்து, தன் கைப்பையை அதில் மாட்டிவிட்டார்.

"இதைக் கொஞ்சம் பிடிம்மா."

"மேடம், நான் பை பிடிக்க வரல..."

"ஒரு நிமிஷம்தான். கேமரா பார்க்குது. கொஞ்சம் சிரி!"

அடக் கடவுளே! ஒரு காவலன் குடையோடு நிற்கிறான். ஒரு அதிகாரி கைப்பையோடு நிற்கிறாள். கொலைகாரன் மட்டும்தான் இங்கே கை வீசி நடக்கலாம் போலிருக்கிறது.

அமைச்சர் ரிப்பனுக்கு முன்னால் போய் நின்றார். தலைக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தபடி தூண். எதிரே தட்டோடு பி.ஏ. அவன் நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். கேமராக்காரர்களைப் பார்த்தாள்.

அமைச்சர் கத்தரிக்கோலை எடுத்தார்.

அப்போதுதான் இரண்டு விஷயங்கள் அவள் கண்ணில் பட்டன.

ஒன்று... கத்தரிக்கோலை எடுத்த பிறகும் பி.ஏ.வின் கை லேசாகவில்லை. வெறும் துணி கிடக்கும் தட்டு அப்படியே கனத்துத் தாழ்ந்திருந்தது, அவன் ஒரு கை துணிக்கு அடியில் போயிருந்தது!

இன்னொன்று... அமைச்சர் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். பட்டாசுத் திரியில் நெருப்பு வைத்துவிட்டு நிற்பவர் மாதிரி!

யோசிக்க நேரமில்லை. பிஸ்டலை எடுக்கக் கை இல்லை. அந்தக் கைப்பையையே முழு வீச்சில் வீசினாள்!

பை போய்த் தட்டில் மோதியது. தட்டு மேலே தூக்கிக்கொண்டது.

டுமீல்!

ஒரே அலறல். கூட்டம் சிதறியது. தூண் குடையோடு அப்படியே அமைச்சரின் மேல் விழுந்து மூடினான். வெல்வெட் துணி பறந்தது. தட்டு உருண்டது. தரையில் விழுந்து சுழன்றது... ஒரு கைத்துப்பாக்கி.

பி.ஏ. வெறும் கையைப் பார்த்தபடி விக்கித்து நின்றான். அவள் அவன் மேல் பாய்ந்தாள்.

5

பாலத்தின் ஓரத்தில் இன்ஜினியர்கள் உபயோகித்த தகர ஷெட். உள்ளே சிமெண்ட் மூட்டைகள். ஒரு மூட்டையின் மேல் அமைச்சர். இன்னொன்றின் மேல் கையில் விலங்கோடு பி.ஏ. கதவை அடைத்துக்கொண்டு தூண்; அந்தக் களேபரத்தில் யார் கண்ணிலும் படாமல் அமைச்சரை இங்கே தூக்கி வந்தவன் அவன்தான். அவன் முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. மற்றபடி முழுசாக இருந்தான். அவள் அதை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"யார் சொல்லிச் செஞ்சே?" பி.ஏ.வின் காலரைப் பிடித்தாள்.

பி.ஏ. அமைச்சரைப் பார்த்தான்.

"அங்கே என்ன பார்வை? என்னைப் பார்த்துப் பேசு!"

"விடும்மா அவனை," என்றார் அமைச்சர். சாதாரணமாகச் சொன்னார். உடையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். "விலங்கை எடு. நான்தான் சொன்னேன்."

அவள் பி.ஏ.வின் காலரை விட்டாள்.

"என்ன... மேடம்?"

"நிலைமை மோசமா இருக்கும்மா. இந்தத் தடவை ஜெயிக்கவே மாட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. குண்டடியில தப்பிச்ச தலைவிக்கு ஓட்டுப் போடாம இருப்பாங்களா? காலையில ஃபோன் பண்ணினது இவன்தான். துணிக்கு அடியில இருந்தே சுடுவான். யாருக்கும் தெரியாது. நான் கீழே விழுவேன். அந்தக் களேபரத்துல துப்பாக்கி ஆத்துக்குள்ள போயிடும். கூட்டத்துல இருந்து யாரோ சுட்டான்... குறி தப்பிடுச்சு... அவ்வளவுதான் கதை. நீ கெடுத்துட்டே!"

"கெடுத்தேனா?" அவள் கோபத்தில் வெடித்தாள். "நான் இவனைச் சுட்டிருந்தா?"

"எப்படிச் சுடுவே? அதுக்குத்தான் கைப்பையைக் கொடுத்தேன். குடையும் தூண் கையில இருந்துச்சு. எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்."

இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காலையிலிருந்து அவள் கேட்டது எதுவும் கிடைக்காமல் போனதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. திட்டம்! ஒருவரைக் காப்பாற்ற எத்தனையோ பயிற்சி கொடுத்தார்கள். காப்பாற்றப்பட வேண்டியவரே எதிர் அணியில் நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"மேடம், அதோ நிக்கறானே, அவன் பொண்டாட்டிக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அவன் உங்க மேல விழுந்தான். நாடகம்னு தெரிஞ்சு விழல. செத்துடுவோம்னு தெரிஞ்சு விழுந்தான்!"

அமைச்சர் முதல் தடவையாகத் தூணை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"அதான் ஒண்ணும் ஆகலையேம்மா. அது டம்மி குண்டு. வெறும் சத்தம்."

"மேடம்..." என்றான் தூண்.

"என்ன?"

அவன் ஷெட் மூலையில் கிடந்த குடையை எடுத்து விரித்தான்.

கறுப்புத் துணியின் நடுவே வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக ஜன்னல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஓட்டைக்கு நேர் கீழே, கொஞ்ச நேரத்துக்கு முன்னால், அமைச்சரின் தலை இருந்தது.

"டம்மி குண்டு குடையில ஓட்டை போடுமா மேடம்?" என்றாள் அவள்.

அமைச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

அவள் கைத்துப்பாக்கியைத் திறந்து உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டினாள். எல்லாம் நிஜம். பளபளக்கும் நிஜம்.

"தட்டு தூக்கிக்கலைன்னா குண்டு உங்க நெஞ்சுல இறங்கியிருக்கும்." பி.ஏ. பக்கம் திரும்பினாள். "சொல்லு. துப்பாக்கியை யார் கொடுத்தா?"

பி.ஏ. குலுங்கி அழுதான். "சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்! டம்மி, சத்தம் மட்டும்தான் வரும்னு சொல்லித்தான் கொடுத்தார். அக்கா, நான் உங்களைக் கொன்னுருப்பேனே... கொன்னுட்டு நான் ஜெயிலுக்குப் போயிருப்பேனே!"

"யார் கொடுத்தாருன்னு கேட்டேன்!"

அவன் பதில் சொல்வதற்குள் வெளியே மைக் கரகரத்தது. ஷெட்டுக்கு எதிரே, டி.வி. கேமராக்களுக்கு முன்னால், யாரோ விம்மி விம்மிப் பேசினார்கள். எல்லோருக்கும் தெரிந்த குரல்.

"என் உயிருக்கு உயிரான மனைவி... இந்தப் பாலத்துலதான் கடைசி மூச்சை விட்டா. அவ விட்டுட்டுப் போன தொகுதி அநாதையா நிக்குது. வர்ற தேர்தல்ல நின்னு, அவ கனவை நான் நிறைவேத்துவேன்! இது அவ மேல சத்தியம்!"

மாமா!

"நீங்க செத்துட்டீங்கன்னு அவர்கிட்ட யாரும் சொல்லலையே மேடம்," என்றாள் அவள் மெதுவாக.

அமைச்சர் எழுந்தார்.

"இந்தத் திட்டத்தையே அவர்தான் சொன்னார்..." என்றார் அமைச்சர். "நீ தைரியமா நில்லு, துப்பாக்கி என் பொறுப்புன்னார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேம்மா. என் கூட ஒரே தட்டுல சாப்பிட்ட மனுஷன்..."

அழுதார். அமைச்சராக இல்லாமல், ஏமாந்த ஒரு பெண்ணாக அழுதார். அவளுக்குக் காலையிலிருந்து இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுசாக இறங்கவில்லை.

"உங்க நாடகத்துக்கும் கேஸ் உண்டு மேடம். அது அப்புறம். இப்போ வாங்க."

கதவு திறந்தது. அமைச்சர் வெயிலில் வந்து நின்றார்.

மைக்கைப் பிடித்திருந்த மாமா திரும்பினார். கன்னத்தில் கண்ணீர் அப்படியே நின்றது.

"நீ... நீ எப்படி... இன்னும்..."

நேரடி ஒளிபரப்பு. ஊரே பார்த்தது.

"வாழ்த்துகள் சார்," என்றாள் அவள், விலங்கை எடுத்தபடி. "உங்க மனைவி உயிரோட இருக்காங்க. சந்தோஷத்துல மயக்கம் போட்டுடாதீங்க!"

மாமா ஓடப் பார்த்தார். தூண் குறுக்கே வந்தான். இந்தத் தடவை அவன் கையில் எதுவும் இல்லை. மாமாவைக் கழுத்துப் பட்டையோடு தூக்கி ஜீப்பில் வைத்தான்.

"நீ நேரா வீட்டுக்குப் போ," என்றாள் அவள் தூணிடம். "இது என் உத்தரவு. வேற யாரையும் கேட்காதே."

தூண் அடித்த சல்யூட்டில் பாலமே அதிர்ந்தது.

விஷயம் பரவி, கூட்டம் மறுபடி திரண்டது. நாலா பக்கமும் தலைகள். தள்ளுமுள்ளு. கூச்சல். அமைச்சர் மிரண்டுபோய் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இங்கே யார் என்ன செய்வாங்கன்னே தெரியலம்மா... பயமா இருக்கு! என்னைச் சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. என் தம்பி, மச்சினர், ஓரகத்தி எல்லாரும் அங்கே வந்து காத்துட்டு இருப்பாங்க."

அவள் நடந்துகொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவள் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அவசரப்படாதீங்க மேடம். கொஞ்ச நேரம் இந்தக் கூட்டத்துக்குள்ளயே நில்லுங்க. இங்கே இருக்கறவங்க யாரும் உங்களுக்குச் சொந்தக்காரங்க இல்ல!"